எழுதிய கையே வாசிக்கட்டும்

திருத்தணி மலைக்கோயிலுக்கு ஏறிச் செல்லும் படிகள் 365. ஆண்டின் நாளொன்றுக்கு ஒரு படி என்று கணக்கிட்டு, ஆண்டின் இறுதி நாளில் படித்திருவிழா நடத்தும் ஊர் அது. அம்மலையைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் அதே 365 நாள்களையும் வேறொரு வகையில் எண்ணி வருகிறவர்கள் உண்டு. அவர்கள் கிராம சுகாதாரச் செவிலியர்கள். எந்த வீட்டில் எந்தப் பெண் கருவுற்றிருக்கிறாள், அவள் இரத்தத்தில் ஹீமோகுளோபின் எவ்வளவு, எந்தக் குழந்தைக்குத் தடுப்பூசி தவறியது, எந்தத் தெருவில் காய்ச்சல், எந்த வீட்டில் சாவு என்பனவற்றை அவர்கள் நாள்தோறும் ஏட்டில் பதிகின்றனர். மாத முடிவில் அவற்றைக் கூட்டி ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அனுப்புகின்றனர். அங்கிருந்து அவை மாவட்டத்திற்கும், மாநிலத் தலைநகருக்கும், தில்லிக்கும் செல்கின்றன.

மேலே சென்ற எண்கள் திரும்பி வருகின்றனவா? எழுதிய செவிலியருக்கும், எழுதப்பட்ட தாய்க்கும் அவற்றால் விளைந்த பயன் யாது? மருத்துவ வரலாறு என்றவுடன் பெரிய மருத்துவமனைகளும் புதிய மருந்துகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. அந்த எளிய ஏடுகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதன் குறிப்பிடத்தக்க பகுதிகள் சில, திருத்தணி ஒரு காலத்தில் சேர்ந்திருந்த பழைய வட ஆற்காட்டு மண்ணிலேயே நிகழ்ந்தன என்பதைப் பலர் அறியார்.

ஒரே வீடு, நான்கு மாவட்டங்கள்

1905-ஆம் ஆண்டில் திருத்தணியில் பிறந்து, தொண்ணூறு வயதைக் கடந்து வாழ்ந்த ஒருவரை எண்ணிப் பார்ப்போம். அவர் பிறந்தபோது அவ்வூர் கார்வேட்டிநகர் ஜமீனைச் சார்ந்து, வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. 1911-இல் சித்தூர் மாவட்டம் உருவாக்கப்பட்டபோது அதனுள் சென்றது. 1953-இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அதனோடு சென்றது. ம.பொ. சிவஞானம் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்திற்கும், படாஸ்கரின் எல்லைப் பரிந்துரைக்கும் பின்னர், 1960 ஏப்ரல் முதல் நாளன்று சென்னை மாநிலத்தின் செங்கற்பட்டு மாவட்டத்தில் வந்து சேர்ந்தது. 1997-இல் திருவள்ளூர் மாவட்டம் அமைந்தபோது அதன் பகுதியாயிற்று. வீட்டை விட்டு நகராமலே அம்மனிதர் நான்கு மாவட்டங்களின் குடியாகி விட்டார்.

கோடுகள் நகர்ந்தபோதெல்லாம் ஏடுகளும் கைமாறின. ஒரு மாவட்டத்தின் கணக்கு மற்றொன்றின் கணக்கோடு இணைக்கப்பட வேண்டியதாயிற்று. மக்களோ கோட்டைப் பாராமல் வாழ்ந்தனர். தமிழும் தெலுங்கும் ஒரே முற்றத்தில் பேசப்பட்டன. நகரியிலும் புத்தூரிலும் பெண் கொடுத்தனர், பெண் எடுத்தனர். கொள்ளைநோயும் அப்படியே கோட்டைக் கடந்து சென்றது. எல்லை ஊரின் இந்த இயல்பை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

பங்கு ஏடுகள் கற்பித்த பாடம்

கத்தோலிக்க மக்களுக்கு ஏடு புதியதன்று. 1563-இல் திரிதெந்து பொதுச்சங்கம் திருமணங்களைப் பங்குத்தந்தை ஏட்டில் பதிய வேண்டும் என்று விதித்தது. 1614-இல் வெளிவந்த உரோமைச் சடங்கு நூல், திருமுழுக்கு, உறுதிப்பூசுதல், திருமணம், அடக்கம் ஆகியவற்றிற்குரிய ஏடுகளோடு, ‘ஆன்மாக்களின் நிலை’ என்னும் பெயரில் வீடுவாரியான குடும்ப ஏடு ஒன்றையும் வைத்திருக்கும்படி கூறியது. வீடு வீடாகச் சென்று, குடும்பத் தலைவர் யார், பிள்ளைகள் எத்தனை பேர், யாருக்கு எந்த அருளடையாளம் கிடைக்கவில்லை என்று பதியும் அவ்வேட்டையும் இன்றைய துணை சுகாதார நிலையத்தின் குடும்ப நலப் பதிவேட்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் அமைப்பில் ஒற்றுமை தெரியும். அவ்வேட்டை எழுதியவரே அதைப் பயன்படுத்தியவரும் ஆவார் என்பதே அதன் சிறப்பு. நாளை எந்த வீட்டிற்குச் செல்ல வேண்டும் என்பதை அவருக்கு அந்த ஏடே சொல்லிற்று.

இத்தகைய பங்கு ஏடுகளிலிருந்துதான் மக்கள்தொகை அறிவியலும் பிறந்தது. இலண்டன் நகரின் பங்குகளில் வாரந்தோறும் தொகுக்கப்பட்ட சாவுப் பட்டியல்களை ஜான் கிரான்ட் என்னும் வணிகர் பொறுமையோடு ஆராய்ந்து 1662-இல் நூலாக வெளியிட்டார். ஆண் குழந்தைகள் பெண் குழந்தைகளைவிடச் சற்று மிகுதியாகப் பிறக்கின்றன என்பதையும், பிறக்கும் நூறு பேரில் முப்பத்தாறு பேர் ஆறு வயதுக்குள் இறக்கின்றனர் என்னும் மதிப்பீட்டையும் அவர் வெளிக்கொணர்ந்தார். ஆனால் அப்பட்டியல்களில் ஒரு குறை இருந்தது. அவை பிறப்புகளை எண்ணவில்லை. அரசு சார்ந்த திருச்சபையின் திருமுழுக்குகளை மட்டுமே எண்ணின. கத்தோலிக்கர் முதலிய ஏனையோரின் குழந்தைகள் அவற்றில் இடம்பெறவில்லை. ஏட்டுக்கு வெளியே நின்றவர்கள் அந்த அறிவுக்கும் வெளியே நின்றனர். இக்குறை எல்லாக் காலத்து ஏடுகளையும் தொடர்ந்து வருவது.

பஞ்சத்தில் ஓர் அதிகாரி

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியது. கடுமையாகத் தாக்கப்பட்ட மாவட்டங்களுள் வட ஆற்காடும் ஒன்று. அப்போது மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்தவர் வில்லியம் ராபர்ட் கார்னிஷ். 1871-ஆம் ஆண்டின் குடிக்கணக்கு அறிக்கையை எழுதியவரும் அவரே.

செலவைக் குறைக்கும் நோக்குடன் வைசிராயின் சார்பில் வந்த சர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலை செய்வோருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறிது காசும் போதும் என்று 1877-இன் தொடக்கத்தில் முடிவு செய்தார். கார்னிஷ் அதை ஏற்கவில்லை. சிறைக் கைதிகளுக்கு அரசே அளித்துவந்த உணவின் அளவை அவர் எடுத்துக் காட்டினார். குற்றவாளிக்குத் தேவை என்று அரசு ஒப்புக்கொண்ட உணவு, கல் உடைக்கும் ஏழைக்கு மட்டும் எப்படித் தேவையற்றதாகும் என்பது அவர் வாதத்தின் சாரம். நிவாரண முகாம்களிலிருந்து வந்த சாவுக் கணக்குகளையும் அவர் சான்றாக வைத்தார். 1877 மே மாதத்தில் சென்னை அரசு கூலியை உயர்த்தியது. புதிய ஆராய்ச்சி எதையும் கார்னிஷ் நடத்தவில்லை. சிறைகளிலும் முகாம்களிலும் எழுத்தர்கள் எழுதி அடுக்கி வைத்திருந்த வழக்கமான கணக்குகளை எடுத்து வாசித்தார். வாசித்ததை அஞ்சாது சொன்னார்.

மற்றோர் உண்மையையும் அவர் உணர்ந்தார். கிராமத்துப் பிறப்பு இறப்புக் கணக்கை எழுத வேண்டியவர்கள் கிராம அதிகாரிகள். பஞ்சத்தில் மக்கள் ஊரை விட்டு வெளியேறினர், சாலையோரங்களில் மடிந்தனர். சாலையில் இறந்தவர் எந்தக் கிராமத்து ஏட்டிற்கும் உரியவர் அல்லர். ஆகவே பதிவான சாவுகள் உண்மையான சாவுகளைவிடக் குறைவாகவே இருக்கும் என்று கருதி, 1878 மார்ச்சு மாதம் பஞ்சம் பாதித்த பகுதிகள் சிலவற்றில் மீண்டும் தலைகளை எண்ணச் செய்தார். ஏடு காட்டியதைவிட இழப்பு மிகப் பெரியது என்பது தெளிவாயிற்று. கணக்கை நம்பிய அவரே கணக்கில் விடுபட்டவர்களையும் தேடினார்.

வேலூரிலிருந்து ஒரு ‘நதி’

நூறாண்டு கழித்து அதே வட ஆற்காட்டில் மற்றொரு முயற்சி தோன்றியது. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் நச்சுயிரியல் அறிஞர் டி. ஜேக்கப் ஜானும் அவருடைய உடன்பணியாளர்களும் 1980-களில், மாவட்டம் முழுவதற்குமான நோய்க் கண்காணிப்பு முறை ஒன்றை உருவாக்கினர். வட ஆற்காடு மாவட்ட சுகாதாரத் தகவல் என்பது அதன் பொருள். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள் சேர்ந்து ‘நதி’ என்று அமைந்தன.

அம்முறை மிக எளியது. போலியோ, தட்டம்மை, தொண்டை அடைப்பான், கக்குவான், டெட்டனஸ் போன்ற நோயுடன் யாரேனும் வந்தால், மருத்துவர் அச்சிட்ட அஞ்சல் அட்டை ஒன்றை நிரப்பி அனுப்ப வேண்டும். அரசு மருத்துவமனைகள் மட்டுமின்றித் தனியார் மருத்துவமனைகளும் இதில் சேர்க்கப்பட்டன. நம் நாட்டில் நோயாளிகள் பெரும்பாலோர் முதலில் நாடுவது தனியாரையே ஆதலால், அவர்களை விட்டுவிட்ட கணக்கு பாதிக் கணக்கே ஆகும். அட்டை வந்ததும் மாவட்ட சுகாதாரத் துறையினர் அந்த ஊருக்குச் சென்று, நோய் பரவாமல் தடுக்க வேண்டியதைச் செய்தனர். வந்த செய்திகளெல்லாம் தொகுக்கப்பட்டு, மாதந்தோறும் ஒரு செய்தியிதழாக அச்சாகி, அட்டை அனுப்பிய மருத்துவர்களுக்கே திரும்பிச் சென்றன.

இந்தக் கடைசிப் படியில்தான் முறையின் உயிர் இருந்தது. மருத்துவர் ஏன் நேரம் ஒதுக்கி அட்டை எழுத வேண்டும்? தாம் எழுதியது குப்பையில் விழவில்லை, யாரோ வாசித்தார், ஏதோ நடந்தது என்று அவர் அறியும்போதுதான் அடுத்த அட்டையையும் எழுதுவார். 1998-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழ் இம்முயற்சியை வளரும் நாடுகளுக்கான ஒரு முன்மாதிரி என்னும் தலைப்பில் வெளியிட்டது. பின்னர்க் கேரளத்தின் கோட்டயம் மாவட்டமும் இம்முறையைப் பின்பற்றியது. நாடு முழுவதற்குமான ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தை இந்திய அரசு 2004-இல் தொடங்கியது.

இங்கும் கோடு குறுக்கிட்டதைக் காணலாம். அரக்கோணமும் சோளிங்கரும் வட ஆற்காட்டில் இருந்தன; அவற்றை அடுத்த திருத்தணி செங்கற்பட்டில் இருந்தது. ஒரு மாவட்டத்திற்கென அமைந்த ஏற்பாடு அதன் எல்லையோடு நின்றுவிடுகிறது. நோயாளி ஏறிய பேருந்து நிற்பதில்லை.

தராசும் இலக்கும்

1980-இல் உலக வங்கியின் உதவியோடு தமிழக ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கப்பட்டது. கிராமத்துப் பெண்களே அதன் பணியாளர்கள். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் தராசில் எடையிட்டு, அட்டையில் புள்ளி வைத்து, புள்ளிகளைக் கோட்டால் இணைத்தனர். கோடு மேலே ஏறினால் குழந்தை வளர்கிறது. சரிந்தாலோ படுத்துவிட்டாலோ அக்குழந்தைக்கு உடனே கூடுதல் உணவு. தேறிய பின் உணவு நிறுத்தப்படும். எடையிட்ட பெண்ணே கோட்டைப் பார்த்தாள். அவளே தாயை அழைத்துப் பேசினாள். மேலிடத்தின் ஆணைக்கு அவள் காத்திருக்க வேண்டியதில்லை. இத்தகைய வளர்ச்சி அட்டையை ஆப்பிரிக்காவின் நைஜீரியாவில் சிற்றூர்க் குழந்தைகளிடையே பணிபுரிந்து உருவாக்கியவர் டேவிட் மார்லி என்னும் ஆங்கில மருத்துவர். அட்டை மருத்துவமனையில் அன்று, தாயின் கையிலேயே இருக்க வேண்டும் என்பது அவருடைய உறுதியான கொள்கை.

அதே காலத்தில் அதே கிராமங்களில் மற்றொரு வகையான கணக்கும் எழுதப்பட்டு வந்தது. அது குடும்ப நலத் திட்டத்தின் இலக்குக் கணக்கு. இத்தனை அறுவைகள், இத்தனை கருத்தடைச் சாதனங்கள் என்று மேலிருந்து எண் வரும். அந்த எண்ணை நிறைவு செய்து கீழிருந்து அறிக்கை செல்ல வேண்டும். எண் முதலிலும் மனிதர் பின்னுமாக முறை தலைகீழானபோது, ஏட்டில் எழுதியதற்கும் ஊரில் நடந்ததற்கும் இடைவெளி விழுந்தது. இதை உணர்ந்தே 1996-இல் இந்திய அரசு அத்தகைய இலக்குகளைக் கைவிட்டது. தராசின் எண் செவிலியருக்குக் கண்ணாக இருந்தது. இலக்கின் எண் அவர் முதுகின்மேல் சுமையாக இருந்தது. இரண்டையும் எழுதியது ஒரே பேனாதான்.

குப்பத்தில் கணினி

2000-ஆம் ஆண்டின் இறுதியில், திருத்தணி ஒரு காலத்தில் அடங்கியிருந்த அதே சித்தூர் மாவட்டத்தின் மறுகோடியில், தமிழகமும் கருநாடகமும் ஆந்திரமும் சந்திக்கும் குப்பத்தில், ஆரம்ப சுகாதார நிலையங்களின் கணக்கைக் கணினியில் ஏற்றும் முயற்சி தொடங்கியது. நிறவெறி ஆட்சி வீழ்ந்த பின் தென்னாப்பிரிக்காவில், நார்வே நாட்டின் ஆஸ்லோ பல்கலைக்கழகத்தாரின் கூட்டுறவோடு உருவான மாவட்ட சுகாதாரத் தகவல் மென்பொருள் அங்கே கொண்டுவரப்பட்டது. இன்று அதன் புதிய வடிவம் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் பயன்படுகிறது.

தென்னாப்பிரிக்காவிலிருந்து அம்மென்பொருளோடு ஒரு கருத்தும் வந்தது. அது, கேட்கும் கேள்விகளைக் குறை என்பது. நிறவெறிக் காலத்தில் இனத்திற்கொரு சுகாதாரத் துறை, துறைக்கொரு படிவம் என்று சிதறிக் கிடந்த அந்நாட்டில், எல்லாருக்கும் பொதுவான சில எண்களை மட்டும் தெரிவு செய்து, அவற்றை ஒழுங்காகச் சேகரித்து, சேகரித்த இடத்திலேயே பயன்படுத்துவது என்று முடிவு செய்தனர். நம் நாட்டின் துணை சுகாதார நிலையங்களிலோ நிலைமை வேறு. புதிய திட்டம் ஒவ்வொன்றும் புதிய ஏடு ஒன்றைக் கொண்டு வருகிறது. பழைய ஏடு போவதில்லை. கணினி வந்த பின் காகிதத்திலும் எழுதி, திரையிலும் ஏற்றும் இரட்டை வேலை வந்தது. ஐயாயிரம் மக்களுக்கு ஒருவர் என்னும் கணக்கில் அமர்த்தப்படும் செவிலியர், எழுதுவதில் செலவிடும் ஒவ்வொரு மணியும் ஏதோ ஒரு வீட்டிற்குச் செல்லாத மணியே.

வெற்று வரிசை

எண்ணைச் சரியாக வாசித்தால் என்ன நிகழும் என்பதற்குத் தமிழகத்திலேயே சான்று உண்டு. 1990-களில் தமிழக அரசு பேறுகாலத் தாய் இறப்புகளை ஒவ்வொன்றாக ஆராயத் தொடங்கியது. ஊரில் செவிலியரும், மருத்துவமனையில் மருத்துவரும் தனித்தனியே இறப்பைத் தெரிவிக்க வேண்டும். இறந்தவளின் வீட்டாரிடம் நடந்ததைக் கேட்டு எழுதுவர். வண்டி வரத் தாமதமா, மருத்துவமனையில் இரத்தம் இல்லையா, ஆபத்தை உணரவே தாமதமா என்று ஆராய்வர். பின்னர் மாவட்ட ஆட்சியர் முன் நடைபெறும் ஆய்விற்கு உறவினரையும் அழைக்கும் வழக்கம் ஏற்பட்டது. தொடக்கத்தில் பதிவான இறப்புகளின் எண்ணிக்கை குறையவில்லை, கூடியது. அதுவரை மறைந்திருந்தவை வெளிவந்ததே காரணம். கூடிய எண்ணைக் கண்டு எழுதியவரைத் தண்டித்திருந்தால், அடுத்த ஆண்டே எண் குறைந்திருக்கும், இறப்பு குறைந்திராது. பொறுமையோடு வாசித்ததன் பயன் பின்னர்த் தெரிந்தது. மாதிரிப் பதிவு முறையின்படி, இலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்குத் தாய் இறப்பு 2001-03-இல் தமிழகத்தில் 134; 2018-20-இல் 54. நாடு முழுவதற்குமான எண் அதே காலத்தில் 301-இலிருந்து 97-ஆகக் குறைந்தது. சாலைகளும், அவசர ஊர்திகளும், இருபத்து நான்கு மணி நேர ஆரம்ப சுகாதார நிலையங்களும் இதில் பங்கு பெற்றன. எங்கே எது தேவை என்று சொன்னதில் அந்த ஆய்வுகளுக்கும் பங்குண்டு.

2008-இல் தமிழகம் கருவுற்ற தாய்மாரையும் சிசுக்களையும் பெயர் பெயராகப் பின்தொடரும் கணினிப் பதிவைத் தொடங்கியது. மொத்த எண்ணிக்கை போய் ஒவ்வொருத்திக்கும் ஓர் எண் வந்தது. இது பெரிய முன்னேற்றம். ஆயினும் திருத்தணி போன்ற எல்லை ஊர் அதற்கு ஒரு சோதனை வைக்கிறது.

பள்ளிப்பட்டுப் பக்கத்து விசைத்தறிக் குடும்பம் ஒன்றில் வாழ்க்கைப்பட்ட பெண்ணுக்குத் தாய்வீடு நகரிப் பக்கம் இருக்கிறது என்று கொள்வோம். கணவன் ஊரில் அவள் பெயர் பதிவாகிறது. இரத்தச் சோகை என்று குறிக்கப்படுகிறது. இரும்புச்சத்து மாத்திரை தரப்படுகிறது. ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து, தலைப்பிரசவத்திற்காகத் தாய்வீடு செல்கிறாள். அங்கே மாநிலம் வேறு, ஏடு வேறு. இங்கே அவள் பெயருக்கு நேரே கடைசி மூன்று மாதங்களின் வரிசை வெறுமையாகக் கிடக்கிறது. அந்த வெறுமையை இரண்டு வகையாக வாசிக்கலாம். மாத அறிக்கைக்கு அது ‘வெளியூர் சென்றார்’ என்னும் ஒரு சொல். அவளுடைய இரத்தச் சோகையை அறிந்த செவிலியருக்கோ அது ஒரு கேள்வி. அவர் தொலைபேசியில் தாயை அழைக்கிறார். எந்த மருத்துவமனையில் காட்டுகிறாள், முன்பு தந்த அட்டையை எடுத்துச் சென்றாளா என்று தமிழிலும் தெலுங்கிலும் விசாரிக்கிறார். எந்தப் படிவமும் அவரை அதற்குக் கட்டாயப்படுத்த முடியாது. தம் ஏட்டைத் தாமே வாசிப்பவருக்கு மட்டுமே அக்கேள்வி தோன்றும்.

பஞ்சச் சாலையில் இறந்தவரும், இலண்டன் பட்டியலில் விடுபட்ட குழந்தையும், எல்லை கடந்து சென்ற இந்தத் தாயும் ஒரே வகையினர். இருவேறு ஏடுகளுக்கிடையே விழுந்துவிடக் கூடியவர்கள். இவர்களைக் காக்கக் கணினி உதவலாம். இரு மாநிலங்களின் அலுவலர்கள் கூடிப் பேசுவதும் உதவும். எனினும் முதற்காவல் எழுதுகிறவரிடமே இருக்கிறது. ஆகவே அவருக்கு நாம் செய்ய வேண்டியவை மிகுதி. தேவையற்ற படிவங்களை அவர் மேசையிலிருந்து அகற்றுவது. அவர் அனுப்பிய எண்களைப் பொருள் விளங்கும்படி அவருக்கே திருப்பி அனுப்புவது. கெட்ட செய்தியை எழுதியதற்காக அவரைத் தண்டியாதிருப்பது.

நம் பங்கும் இதில் உண்டு. வீட்டிற்கு வரும் செவிலியரிடம் கருவுற்றதைத் தொடக்கத்திலேயே சொல்வதும், குழந்தையின் அட்டையைப் பத்திரமாக வைத்து எங்குச் சென்றாலும் எடுத்துச் செல்வதும், வீட்டில் நேர்ந்த சாவின் உண்மையான காரணத்தை மறைக்காது கூறுவதும் குடிமக்களின் கடமைகள். நாம் அவரிடம் சொல்லும் ஒரு சொல் ஏட்டில் ஒரு வரியாகிறது. அந்த வரியை அவர் மீண்டும் வாசிக்க நேரம் கிடைக்குமாயின், எங்கோ ஒரு வீட்டின் கதவு உரிய வேளையில் தட்டப்படும்.